வண்டி எண்ணெய்க்குப் பூக்கட்டிப் பார்த்தது

எனக்குத் தொழிலே எண்ணெய்தான். திண்டுக்கல்லில் பழனி ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், சாமி விளக்குக்கு இலுப்பெண்ணெய் என்று எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு விரலில் தொட்டு இன்னதென்று சொல்லிவிடுவேன். எட்டாவதுக்கு மேல் எனக்குப் படிப்பு ஏறவில்லை. அதற்குப் பதிலாக முருகன் இந்தக் கை ஞானத்தைக் கொடுத்தான் என்று நினைத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவன், ஒரு காருக்கு எந்த எண்ணெய் ஊற்றுவது என்று தெரியாமல் குடும்பத்தோடு அம்மன் சந்நிதி வரைக்கும் போக வேண்டியதாயிற்று.

கார் என்றால் பெரிய கார் இல்லை. ஒருத்தர் ஓட்டி அலுத்துப்போய் விற்ற சின்ன பெட்ரோல் வண்டி. மகளை ஒட்டன்சத்திரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் முதல் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்ததும், பஸ்ஸில் இடிபட்டு வரவேண்டாம், அப்பன் வண்டியிலேயே தாய்வீட்டுக்கு வரட்டும் என்று ஆசைப்பட்டு வாங்கினேன். வாங்கிய அன்றைக்கே சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, உண்டியலில் காணிக்கையும் போட்டாயிற்று. சாமி காரியம் எல்லாம் முறையாகத்தான் செய்தேன். எண்ணெய்க் காரியத்தில்தான் கோட்டை விட்டுவிட்டேன்.

வளைகாப்புக்கு நாள் குறிக்க ஒட்டன்சத்திரம் போன அன்றைக்குத்தான் மானம் போனது. சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிறுத்துகிறேன், பின்னால் குழாயிலிருந்து நீலமாகப் புகை கிளம்பி, வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அடுப்படி வரைக்கும் போய்விட்டது. சம்பந்தி காய்கறி மண்டி வைத்திருப்பவர். சொந்தமாக லோடு வண்டி உண்டு. அவரே ஓட்டுவார், ரிப்பேர் என்றால் அவரே கீழே படுத்துப் பிரிப்பார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, கொசு மருந்து அடிக்கிற வண்டியாட்ட வருதுங்க?"

நான் சிரித்து மழுப்பினேன்.

"எண்ணெய்க் கடைக்காரரு வண்டிக்கே எண்ணெய் சரியில்லீங்களா? ஊருக்கெல்லாம் என்னத்தைத்தான் ஊத்தறீங்க?"

வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை.

வளைகாப்பை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. காப்புப் போட்டு, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ராகு காலத்துக்கு முன்னால் மகளை நாங்கள் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. எல்லாம் பேசி வெற்றிலை மாற்றிய பிறகு சம்பந்தி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. இந்தப் பொகை வண்டியில என்ற மருமகளை அனுப்ப மாட்டனுங்க."

"வாடகைக் கார் பிடிச்சுட்டு வாரேன் சம்பந்தி" என்றேன்.

"அது இதவிட மோசமுங்க. முன்னப்பின்ன தெரியாத டிரைவரு பறப்பானுங்க. வேண்டாமுங்க. உங்க வண்டிக்கு நல்ல எண்ணெயா மாத்தி, பொகை இல்லாம, சத்தம் இல்லாம இங்க கொண்டாந்து நிறுத்துங்க. நான் பாப்பனுங்க. எனக்குச் சரின்னு பட்டா அனுப்பறேன். இல்லாட்டி ஒண்ணும் கெட்டுப்போகலீங்க, நம்மூர்லயும் ஆஸ்பத்திரி இருக்குது. பேறுகாலம் இங்கயே பாத்துக்கலாமுங்க."

திரும்பக் கிளம்பும்போது மகள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்குறாங்க. ஆனா எனக்கு அம்மா கை வெஞ்சனம் திங்கணும்போல இருக்குப்பா. எப்படியாச்சும் வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கூட வந்திருந்த என் வீட்டுக்காரி ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் ஆரம்பித்தாள். "பொட்டைப்புள்ள வாயத் தொறந்து கேட்ருச்சு. இந்தத் தகர டப்பாவால அது வராமப் போச்சுன்னா, ஒங்களையும் டப்பாவையும் சேத்து அந்த மண்டியிலயே ஏலம் போட்ருவேன்."

மறுநாள் காலையில் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நாற்பது வயதுக்காரர், வேதக்காரர், ஷெட்டின் சுவரில் மாதா படம் மாட்டியிருப்பார். கை சுத்தமான மனுசன். பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். கம்பி கழுத்து வரைக்கும் கறுப்பாக நனைந்திருந்தது.

"அண்ணே, யாருண்ணே இதுல இம்புட்டு எண்ணெய ஊத்துனது?"

"நாந்தான். கொறஞ்சிருக்குன்னு பெட்ரோல் பங்க்ல சொன்னாங்க. வாங்கி ஊத்துனேன்."

"கம்பியில கோடு இருக்குல்ல? கோட்டோட நிறுத்தலையா?"

என் கடைப் பழக்கத்தைச் சொன்னேன். கடையில் லிட்டர் படி நிறைய ஊற்றிய பிறகு, கை தானாகவே இன்னும் கொஞ்சம் சாய்க்கும். அந்தக் கொசுறு விழாமல் ஒரு பாட்டிலை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அளவில் குறைவு வைப்பது பாவம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வந்த பழக்கம். வண்டிக்கும் அப்படித்தான் சாய்த்துவிட்டேன்.

மெக்கானிக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இது யாவாரம் இல்லண்ணே. இன்ஜினுக்குக் கொசுறு ஊத்தக் கூடாது. கூடப்போன எண்ணெய் எரிஞ்சு பொகையாத்தான் வரும். அதுவும் நீங்க சந்தோசமா ஊத்தியிருக்கீங்க."

நல்லவேளையாக இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். பழையதை முழுக்க இறக்கிவிட்டுப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். சனிக்கிழமை செய்து தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விடுவேன் என்றார்.

"எந்த எண்ணெய்ப்பா ஊத்தணும்?"

"வண்டியோட புஸ்தகம் இருக்கா?"

விற்றவர் அதைக் கொடுக்கவில்லை. மெக்கானிக் யோசித்தார். "பழைய வண்டின்னா யோசிக்காம 20 டபிள்யூ 40 ஊத்துவேன், கெட்டியா இருக்கும். புது வண்டின்னா 5 டபிள்யூ 30, தண்ணியா இருக்கும். இது ரெண்டுங்கெட்டானா இருக்கு. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கேட்டு வாங்கிட்டு வாங்கண்ணே."

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் நுழைந்ததும் எனக்கு மலைத்துவிட்டது. சுவர் முழுக்க எண்ணெய் டப்பாக்கள். சிவப்பு, பச்சை, தங்கக் கலர். என் கடையில் மொத்தமே ஐந்து எண்ணெய். இங்கே ஒரே எண்ணெய்க்கு ஐம்பது பெயர். கவுண்டரில் இருந்தவரிடம், "எது நல்லாருக்கும்?" என்றேன்.

"எல்லாமே நல்லதுதான் சார். உங்க வண்டிக்கு என்ன கிரேடு?"

"அதத்தான் கேக்குறேன். செத்த தொறந்து காட்டுங்க, பாத்துச் சொல்றேன்."

சீல் வைத்த டப்பாவைத் திறக்கமாட்டோம் என்றார். நான் விடவில்லை. கடைசியில், சில்லறையாக ஊற்ற வைத்திருந்த இரண்டு டப்பாக்களிலிருந்து சொட்டுச் சொட்டாக என் விரலில் விட்டார். 20 டபிள்யூ 40 நல்ல கெட்டி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிசுபிசுவென்று நூலாக இழுத்தது. செக்கில் ஆட்டிய முதல் தரமான எண்ணெய் இப்படித்தான் இருக்கும். மனசுக்கு இதமாக இருந்தது. 5 டபிள்யூ 30 விரலில் நிற்காமல் வழிந்தது. எவனோ கலப்படம் பண்ணிய மாதிரி. முகர்ந்து பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன்.

"சார், சார், நாக்குல வச்சிராதீங்க!" என்று கவுண்டர்க்காரர் எழுந்தேவிட்டார்.

"இந்த டபிள்யூன்னா என்னப்பா?"

"விண்டர் சார். குளிர்காலம். குளிர்ல எண்ணெய் எப்படி ஓடும்னு சொல்ற நம்பர்."

"திண்டுக்கல்லுல ஏதுப்பா குளிர்காலம்?"

"கொடைக்கானல் போனா குளிரும்ல சார்?"

"நான் ஒட்டன்சத்திரம்தான போறேன்."

அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். நான் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரி ஒரு நொடி யோசிக்கவில்லை.

"தண்ணியா இருக்கிறதையே ஊத்துங்க."

"ஒனக்கு என்ன தெரியும்? எண்ணெய்னா கெட்டியா இருக்கணும். தண்ணியா இருந்தா நம்ம கடையிலயே எவன் வாங்குவான்?"

"எனக்கு டாக்டர் என்ன மாத்திரை குடுத்துருக்காரு? ரத்தம் கெட்டியாகாம இருக்க. கெட்டியானா என்ன ஆகும்? நெஞ்சு அடைக்கும். வண்டிக்கும் அதே கததான். ஓடுறது தண்ணியா இருந்தாத்தான் ஓடும்."

"வண்டிக்கு ஏதுடி நெஞ்சு?"

"அப்ப இன்ஜினுங்கிறது என்ன? வயிறா?"

சாப்பிடும்போதும் இதே பேச்சு, பாய் விரிக்கும்போதும் இதே பேச்சு. எண்ணெய் விற்கிறவன் என்கிற கெத்தில் நான் இறங்கி வரவில்லை. மாத்திரை விழுங்குகிறவள் என்கிற கெத்தில் அவளும் இறங்கி வரவில்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் சம்மதமான ஒரே வழி, அம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்பது. எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதையும் அப்படிக் கேட்காமல் செய்ததில்லை. மகளின் கல்யாணத்தையே பூக்கட்டிப் பார்த்துத்தான் முடித்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுத் தெருக்கோடி அம்மன் கோயிலுக்குப் போனோம். வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று வாங்கி, தனித்தனியாக இலையில் மடித்து நூல் சுற்றினோம். எது எதுவென்று வெளியே தெரியாது. பூசாரி அம்மன் காலடியில் வைத்து, சூடம் காட்டி, மனசில் நினைச்சுக்கங்க என்றார். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது முறை. நான் கண்ணை மூடி, "தாயே, வெள்ளை வந்தால் கெட்டி எண்ணெய், சிவப்பு வந்தால் தண்ணி எண்ணெய்" என்று உருகி வேண்டினேன். பக்கத்தில் அவளும் கண்ணீரோடு வேண்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய்க்காக இல்லை. மகள் வீடு வந்து சேரவேண்டும் என்றுதான் இரண்டு பேருக்கும் கண் கலங்கியது.

பூசாரி பூக்கார அம்மாவைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார். பிரித்தார். வெள்ளை!

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தா சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. தோற்றுப்போனாலும் தெய்வ வாக்கை எப்படி ஏற்றுக்கொள்கிறாள் பார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவளும் என்னைப் பற்றி அப்படியேதான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் 20 டபிள்யூ 40 வாங்கினேன். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"தம்பி, கெட்டி எண்ணெய் வாங்கிட்டேன். நாளைக்கு ஊத்திரலாம். அம்மன் உத்தரவு."

அந்தப் பக்கமிருந்து மெக்கானிக் கேட்டார்.

"அண்ணே, இப்பத்தான் அக்கா போன் பண்ணாங்க. தண்ணி எண்ணெய ஊத்தச் சொல்லி அம்மன் உத்தரவுன்னாங்க. ஒங்க தெருவுல எத்தனை அம்மன்ணே?"

வீட்டுக்கு ஓடினேன். விசாரித்தால், அவள் வெள்ளை வந்தால் தண்ணி எண்ணெய் என்று வேண்டியிருக்கிறாள்.

"தண்ணி வெள்ளை. ரத்தம் செவப்பு, கெட்டி. யாரைக் கேட்டாலும் இதத்தான சொல்லுவாங்க? நீங்க ஏன் மாத்தி நெனச்சீங்க?"

"தேங்கா எண்ணெய் மார்கழியில ஒறஞ்சா என்ன கலரு? வெள்ளை. கெட்டின்னா வெள்ளைதானடி!"

"சாமிக்கு என்ன தேங்கா எண்ணெய்க் கடையா வச்சிருக்கு?"

சாயங்காலம் மறுபடியும் கோயிலுக்கு ஓடினோம். பூசாரி நடை சாத்தக் கிளம்பிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை பூ வைத்துப் பார்க்கலாமா என்றால், ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான், திரும்பக் கேட்டால் ஆத்தாவைச் சோதிக்கிற மாதிரி என்று மறுத்துவிட்டார்.

"அப்ப ஆத்தா யாரு நெனச்சதுக்கு உத்தரவு குடுத்திருப்பா சாமி?"

பூசாரி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து வந்து நின்னீக. ஆத்தா ரெண்டு பேருக்கும் சரின்னுட்டா. அதுலயும் பாதி இதுலயும் பாதி ஊத்துங்க. போங்க."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. கோயில் விளக்குக்கு மூன்று எண்ணெய் கலந்து ஏற்றுவதில்லையா? அவளுக்கும் சமாதானம்தான். ஆனால் படுக்கும்போது அடுத்த பிரச்சினையைக் கிளப்பினாள்.

"நாளைக்குச் சனிக்கிழமை. ஆம்பளைக எண்ணெய் தேச்சுக் குளிக்கிற நாளு. வண்டி பொம்பளை. செவ்வாய், வெள்ளிதான அதுக்கு ஆகும்?"

"வண்டி எப்படிப் பொம்பளையாச்சு?"

"நான் மகாலட்சுமின்னு பொட்டு வச்சனே."

"பொட்டு வச்சது நீ. மாலை போட்டது நான். முருகா முருகான்னுதான ஓட்டுறேன்?"

காலையில் இதை மெக்கானிக்கிடமே கேட்டேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெயை இறக்கிக்கொண்டிருந்தார். அடியிலிருந்தே பதில் வந்தது.

"ஆணும் இல்ல, பொண்ணும் இல்லண்ணே. அது பெட்ரோலு."

பழைய எண்ணெய் கறுப்பாக, கருப்பட்டிப் பாகு மாதிரி வடிந்தது. அவர் வெளியே வந்து கையைத் துடைத்தார். பாதிப் பாதி கலக்கிற யோசனையைச் சொன்னேன். அவர் மாதா படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இன்ஜின்மேல் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகினார். திருகினவர் அப்படியே நின்றார்.

"அண்ணே, செத்த இருங்க."

மூடியின் மேலே அழுக்கு ஒரு விரற்கடைக்கு அப்பியிருந்தது. துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க முதலில் ஒரு எண்ணெய்க் குடுவைப் படம் தெரிந்தது. அப்புறம் எழுத்து.

5 டபிள்யூ 30.

எனக்குப் புல்லரித்துவிட்டது. "இது யாருப்பா எழுதுனது?"

"வண்டி செஞ்சவன்தாண்ணே. இதத்தான் ஊத்தணும்னு அச்சடிச்சே அனுப்பியிருக்கான்."

"இத மொதல்லயே பாக்கக் கூடாதா?"

"அழுக்கு மூடியிருந்துச்சுண்ணே. அதுவும் போக, நீங்க கோயிலுக்குப் போயிட்டீங்க. நான் குறுக்க பேசலாமா?"

நான் ஷெட்டிலேயே நின்று அம்மன் கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். ஆத்தா பதில் சொல்லித்தான் இருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரிக்குச் சொல்லியிருக்கிறாள். போன் போட்டு அவளிடம் சொன்னேன். "மாத்திரை திங்கிறவளுக்குத்தான் தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

ஆனால் கையில் இருந்தது கெட்டி எண்ணெய். போய் மாற்ற வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் வாங்கினால் சனியும் கூடவே வீட்டுக்கு வரும் என்பார்கள். என் கடையிலேயே சனிக்கிழமை யாவாரம் மந்தமாகத்தான் இருக்கும். விற்பதில் தோஷம் இல்லை, வாங்குவதில்தான். நாளைக்குப் புள்ளைத்தாச்சி ஏறுகிற வண்டி. நான் நெளிவதைப் பார்த்து மெக்கானிக்கே டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"குடுங்கண்ணே, நான் போய் மாத்திட்டு வாரேன். எங்களுக்குச் சனியெல்லாம் கெடையாது. அப்படியே ஒட்டிக்கிட்டு வந்தாலும் நாளைக்குக் காலைல கோயிலுக்குத்தான போறேன். அங்க எறக்கி விட்டுர்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. எங்களுக்காகப் போய் அந்த மனுசனுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே. அன்று சாயங்காலம் சனீஸ்வரன் சந்நிதியில் அவர் பெயருக்கும் ஒரு எள் விளக்குப் போட்டேன்.

புது எண்ணெயை நான்தான் என் கையால் ஊற்றினேன். மகளுக்காக ஊற்றுவது, பிறத்தியார் கையில் விடுவானேன்? மெக்கானிக் பக்கத்திலேயே நின்று கம்பியை உருவி உருவிப் பார்த்தார். கோடு வந்ததும், "போதும்ணே" என்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். என் கை சாய்க்கப் பார்த்தது. அவர் விடவில்லை. அப்படியே பிடித்தபடி இன்னொரு கையால் மூடியை எடுத்துத் திருகிவிட்டுத்தான் என்னை விட்டார். இன்ஜினைப் போட்டோம். புகை இல்லை. என்னையறியாமல் வேலும் மயிலும் துணை என்று வாயில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சீர்த்தட்டுகள், கலவைச் சாதம், வளையல் பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். சம்பந்தி வாசலில் நின்று வண்டியின் பின்பக்கத்தை முதலில் பார்த்தார், அப்புறம்தான் எங்களை வாங்க என்றார். வளைகாப்பு நிறைவாக நடந்தது. மகள் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கிக்கொண்டு, முகம் பூரித்து உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும், நான்கரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் கிளம்ப வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள்.

சம்பந்தி மட்டும் அவசரப்படவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னார். கம்பியை உருவி, எண்ணெயை விரலில் தொட்டு, நான் கடையில் தேய்த்த மாதிரியே தேய்த்துப் பார்த்தார்.

"என்னுங்க இது, தண்ணியாட்ட ஓடுது? எண்ணெயின்னா பிசுபிசுன்னு இருக்கோணுமுங்க. என்ற லோடு வண்டிக்கு ஊத்தறத வந்து பாருங்க, வெளக்கெண்ணெயாட்டம் நிக்கும்."

மூடியைக் காட்டினேன். கண்ணாடி இல்லை, தெரியவில்லை என்றார். மாப்பிள்ளை படித்துச் சொன்னார். மூடி வேறு வண்டியோடதாக இருக்கும் என்றார் சம்பந்தி. எண்ணெய் என்றால் கெட்டியாக இருக்கவேண்டும் என்று வீட்டில் நான் அடித்துச் சொன்னதையேதான் அவரும் சொல்கிறார்.

"இன்ஜினைப் போடுங்க. சத்தம் கேட்டுச் சொல்றனுங்க" என்றார்.

நின்று நின்று கால் கடுத்துப்போன மகளை என் வீட்டுக்காரி பின்சீட்டில் உட்கார வைத்திருந்தாள். நான் ஏறி இன்ஜினைப் போட்டேன். சம்பந்தி பானெட்டுக்குள் தலையை விட்டார். வாசலில் நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். இன்ஜின் பூனை மாதிரி மெதுவாக ஓடியது. எனக்கு உயிர் வந்தது. அப்போது சம்பந்தி கையைத் தூக்கினார்.

"கேட்டீங்களா? கலகலங்குது! நாஞ் சொல்லல? எண்ணெய் தண்ணியா இருந்தா உள்ள இப்படித்தானுங்க அடிக்கும்!"

எனக்கும் கேட்டது. மெலிசாக, விட்டுவிட்டு, கலகல, கலகல.

"இப்ப நின்னுபோச்சுங்க. இந்தா, மறுபடி வருது. நல்லா மிதிங்க பாக்கலாம்!"

ஆக்சிலேட்டரை மிதித்தேன். அந்தக் கலகல கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தன் பாட்டுக்கு ஒரே தாளத்தில் வந்தது. சம்பந்தி முகம் இறுகிவிட்டது. "இது ஆகாதுங்க. நடுரோட்டுல நிக்கும். இறங்கு கண்ணு, இன்னிக்கு வேண்டாம்" என்றார்.

வண்டியின் பின்கதவுப் பக்கம் வந்து உள்ளே எட்டிப் பார்த்த சம்பந்தியம்மா, திரும்பிப் புருசனைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, அது இன்ஜினு இல்லீங்க. உங்க மருமக கையிங்க."

எல்லோரும் உள்ளே பார்த்தார்கள். உச்சி வெயில் குடித்த வண்டி. மகள் வியர்த்து விறுவிறுத்து, சீர்த்தட்டு மூடி வந்த அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். விசிறும்போதெல்லாம் முழங்கை வரைக்கும் இருந்த வளையல் அத்தனையும் கலகல, கலகல. எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவள் கையை நிறுத்தினாள். சத்தமும் நின்றது.

வாசலில் கிளம்பிய சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்தது. மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன், சிரிக்கலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, வண்டிய எடுங்கப்பா. புழுங்குது" என்றாள் மகள்.

சம்பந்தி பானெட்டை மெதுவாகச் சாத்தினார். துண்டை உதறித் தோளில் போட்டார். சுற்றி வந்து முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"ராகு காலம் வரப்போகுதுங்க, எடுங்க. இருந்தாலும் நான் கூட வாரனுங்க. வளையலுக்கு அடியில வேற சத்தம் இருந்தா அது வண்டி ஓடறப்பத்தான் தெரியும்."

வழி முழுக்க அவர் காதை முன்னால் வைத்தபடியே வந்தார். மகள் கையை அசைத்தால் அவர் தலை ஆடும். அவள் மடியில் கையை வைத்து அசையாமல் உட்கார்ந்து பார்த்தாள், அப்போதும் மேடு பள்ளத்தில் வளையல் ஆடத்தான் செய்தது. "அம்மா, ராத்திரிக்கு என்ன வெஞ்சனம்?" என்று மகள் கேட்க, என் வீட்டுக்காரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சம்பந்தி, "செத்த பேசாம வாங்க தாயி, சத்தம் கேக்கோணும்" என்று இரண்டு தடவை சொன்னார். யாரும் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். மகள் இறங்குவதற்குள் சம்பந்தி இறங்கி, பானெட்டைத் தூக்கி, கம்பியை உருவித் தன் துண்டிலேயே துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். அவர் வழியை மறித்து நின்றதால் ஆரத்தி எடுக்க வந்தவர்கள் தட்டோடு நின்றார்கள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியில் சாய்ந்து நின்றாள்.

"மாமா, நான் உள்ள போகட்டுங்களா?"

"கோட்டுக்கு நேரா நிக்குது" என்றார் அவர் கம்பியைப் பார்த்தபடியே. "போ கண்ணு, போ. வலது காலை எடுத்து வெச்சுப் போ."